மர வில்லுக்கு கார்பன் அம்பைப் பொருத்துவது: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் மர ரிகர்வும் (நுனி முன்பக்கம் வளைந்த வில்) லாங்போவும் (நுனி வளையாத நீள வில்) வைத்து எய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சைட், ஸ்டெபிலைசர், கிளிக்கர் மாதிரித் துணைக்கருவி எதுவும் இல்லாமல், வில்லின் ஷெல்ஃபிலேயே (கைப்பிடிக்கு மேலே வெட்டிய சின்ன மேடை) அம்பை வைத்து விரலால் நாணை இழுத்து விடுபவர்களுக்கானவை இவை. இடம், வலம் எல்லாம் வலது கையால் நாண் இழுப்பவரை வைத்துச் சொல்லியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கடையில வாங்கின அம்பை அப்படியே எய்தா என்னங்க? டியூனிங் எதுக்கு?

எய்யலாம். இலக்கில் போய்க் குத்தவும் செய்யும். ஆனால் மர வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நேராகக் கிளம்புவதில்லை. நாண் வில்லின் நடுக்கோட்டை நோக்கி வருகிறது. அம்போ கைப்பிடியின் இடப்பக்கத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, விரலிலிருந்து நழுவும் நாண் முதலில் பக்கவாட்டில் விலகி, அதன் பிறகே முன்னால் பாய்கிறது. இரண்டும் சேர்ந்து அம்பை வளைக்கின்றன. வளைந்த அம்பு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, எதிர்ப்பக்கம் வளைந்து, ஆடி ஆடி அடங்கி, அப்புறம்தான் நேராகிறது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மனும் பால் கிளாப்ஸ்டெக்கும் 1930களில் இதை ஆராய்ந்தார்கள். அம்பு வளைவதை அதிவேகப் படங்கள் கண்ணுக்குக் காட்டின. இன்றைக்குக் கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் வைத்து, எய்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தாலே வால் ஆடுவது தெரியும்.

அந்த வளைவு உங்கள் வில்லுக்குச் சரியாக அமைந்தால் அம்பு கைப்பிடியில் உரசாமல் கடந்துபோகும். விறைப்பு கூடிப்போனால் போதுமான அளவு வளையாமல் இடப்பக்கம் தள்ளப்படும். விறைப்பு குறைந்தால் கூடுதலாக வளைந்து வலப்பக்கம் போகும். இறகு இந்தத் தவறை இழுத்துப் பிடித்துத் திருத்திவிடும், ஆனால் அதற்கு அம்பின் வேகத்தைச் செலவழிக்கும். இறகுக்கு இருக்கும் வேலையைக் குறைப்பதுதான் டியூனிங்.

ஷாஃப்டுல 500, 600னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

அதுதான் ஸ்பைன், அதாவது விறைப்பின் அளவு. 28 இன்ச் (711 மி.மீ.) இடைவெளியில் இரண்டு தாங்கிகள், அவற்றின் மேல் ஷாஃப்ட் (அம்பின் தண்டு), நடுவில் 880 கிராம் எடை. எவ்வளவு தொய்கிறது என்று இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கிறார்கள். அரை இன்ச் தொய்ந்தால் 500. ஆகவே எண் கூடக் கூட அம்பு மெலிவு, அதாவது எளிதில் வளையும். குறையக் குறைய விறைப்பு. புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவரிடம் டயல் காஜ் (நுணுக்கமான அசைவை முள்ளால் காட்டும் அளவி) இருக்கும். தாங்கிகளாக இரண்டு வி-பிளாக், 880 கிராமுக்குத் தட்டிய எடைக்கல், ஒரு டயல் காஜ் இருந்தால் வீட்டிலேயே ஸ்பைன் பார்த்துவிடலாம். 500 ஷாஃப்ட் 12.7 மி.மீ. தொய்யும், 600 ஷாஃப்ட் 15.24 மி.மீ. தொய்யும். வெட்டுவதற்கு முன்னால் பாருங்கள். 28 இன்ச்சுக்குக் கீழே வெட்டிவிட்டால் தாங்கியில் வைக்க முடியாது. ஷாஃப்டை மெதுவாக உருட்டியபடி முள்ளைக் கவனித்தால் ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருப்பது தெரியும். மலிவான கார்பனில் இந்த வித்தியாசம் கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, எல்லா அம்பிலும் நாக் (அம்பின் வாலில் நாணை மாட்டும் பள்ளமுள்ள துண்டு) அந்தக் கோட்டுக்கு ஒரே மாதிரி வரும்படி மாட்டினால், மலிவான ஷாஃப்டும் ஒன்றுபோல நடந்துகொள்ளும்.

இது அம்பு சும்மா இருக்கும்போது உள்ள விறைப்பு. எய்யும்போது உள்ள விறைப்பு வேறு. ஷாஃப்ட் நீளமானால் மெலிவாக நடந்துகொள்ளும். முனை கனமானாலும் மெலிவு. வில்லின் பவுண்டு கூடினாலும் மெலிவு. பின்பக்கம் எடை கூடினால் கொஞ்சம் விறைப்பு. டியூனிங் முழுக்க இந்த இரண்டு மூன்று காதுகளைத் திருகுவதுதான்.

என் வில்லு 40 பவுண்டுங்க. எந்த ஸ்பைன் வாங்கறது?

40 பவுண்டு என்று வில்லில் எழுதியிருப்பது 28 இன்ச் இழுப்புக்கு. உங்கள் இழுப்பு 26 இன்ச் என்றால் உங்கள் விரலில் நிற்பது 35 பவுண்டு அளவுதான். ஒரு இன்ச்சுக்கு இரண்டரை பவுண்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சாமான் நிறுக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, நீங்கள் வழக்கமாக இழுத்து நிறுத்தும் இடம்வரை இழுத்துப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் பவுண்டு.

இழுப்பு நீளத்துக்கு ஒரு நீள அம்பை மாட்டி முழுக்க இழுங்கள்; வில்லின் முன்முகம் வரும் இடத்தில் இன்னொருவர் பென்சிலால் குறிக்கட்டும். நாக்கின் பள்ளத்திலிருந்து அந்தக் குறிவரை அளந்தால் போதும். இரண்டு தோள்களும் சூடான பிறகு அளக்க வேண்டும். வந்ததும் இழுத்தால் குறைவாகக் காட்டும்.

அம்பு 30 இன்ச் அளவிலும் முனை 125 கிரெய்ன் (8 கிராம்) அளவிலும் இருந்தால், விரலில் 30 முதல் 35 பவுண்டு உள்ளவர்கள் 700 அல்லது 800-இல் ஆரம்பிக்கலாம். 35 முதல் 40-க்கு 600 அல்லது 700. 40 முதல் 45-க்கு 600 அல்லது 500. 50 பவுண்டை ஒட்டினால் 500. லாங்போவில் ஷெல்ஃப் நடுக்கோடுவரை வெட்டப்பட்டிருக்காது; அம்பு கூடுதலாகச் சுற்றிவர வேண்டும் என்பதால் ஒரு படி மெலிவாக எடுங்கள். நடுக்கோட்டையும் தாண்டி வெட்டிய ரிகர்வ் என்றால் ஒரு படி விறைப்பு. காம்பவுண்ட் வில்லுக்கான (நுனியில் சக்கரம் வைத்த வில்) அட்டவணையைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் விறைத்த அம்பில் போய் நிற்பீர்கள். நம் ஊரில் மர வில்லோடு வருபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்: 40 பவுண்டு வில், 400 ஷாஃப்ட்.

ஒரு டஜன் வாங்கட்டுங்களா?

வேண்டாம். 600-இல் இரண்டு, 700-இல் இரண்டு, அல்லது உங்கள் கணக்குக்கு வரும் அடுத்தடுத்த இரண்டு ஸ்பைனில் இரண்டிரண்டு. எல்லாம் முழு நீளத்தில், வெட்டாமல். கூடவே 100, 125, 145, 175 கிரெய்ன் முனைகள், திருகி மாற்றும்படியான இன்சர்ட்டோடு (ஷாஃப்டுக்குள் ஒட்டும் மரை போட்ட குழல்). நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சோதனைப் பெட்டி வைத்துக்கொண்டால் செலவும் பிரியும். உங்கள் வில்லுக்கு எது என்று தெரிந்த பிறகு டஜனாக வாங்குங்கள். கடைக்காரர் வெட்டிக் கொடுக்கிறேன் என்பார்; மறுத்துவிடுங்கள். வெட்டின அம்பு வளராது.

கிரெய்ன்னா எவ்வளவுங்க? இங்க எப்படி நிறுக்கறது?

ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் 125 கிரெய்ன் முனை ஏறக்குறைய ஒரு பவுன்: பவுன் 8 கிராம், இது 8.1. நிறுப்பதற்கும் நகைக்கடைத் தராசுதான் சரி. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கையில் இருந்தால் ஆயுசுக்கும் உதவும். ஒரே பெட்டியில் வந்த முனைகளிலேயே மூன்று நான்கு கிரெய்ன் வித்தியாசம் இருக்கலாம். நிறுத்து, ஒத்தவற்றை ஒன்றாக வையுங்கள்.

கனமான பித்தளை இன்சர்ட் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ எங்கும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஷாஃப்டின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து (பரவலாகக் கிடைப்பது 6.2 மி.மீ.), பித்தளைக் கம்பியில் கடைந்து, உள்ளே 8-32 மரை போட்டுத் தரச் சொல்லுங்கள். திருகு முனைகளுக்குப் பொதுவான மரை அதுதான். விரலால் தள்ளினால் இறங்கும் அளவு தளர்வு வேண்டும், ஆட்டம் கூடாது. தட்டி இறக்கினால் ஷாஃப்ட் உள்ளிருந்து பிளக்கும். இதைக் கடைபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, சோதனையை எப்படிச் செய்யறது? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.

இறகு வைத்த அம்பு மூன்று, இறகு இல்லாத அம்பு இரண்டு. இறகில்லாததை இனி மொட்டை அம்பு என்கிறேன். எல்லாம் ஒரே ஷாஃப்ட், ஒரே நீளம், ஒரே முனை. மொட்டை அம்பில் இறகு இருக்க வேண்டிய இடத்தில் அதே எடைக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். நாலு இன்ச் இறகு மூன்றும் சேர்ந்து எட்டு ஒன்பது கிரெய்ன் வரும். அந்த எடை இல்லாவிட்டால் மொட்டை அம்பு உண்மையைவிட மெலிவாக நடித்துக் காட்டும்.

அம்பைத் தொடுவதற்கு முன் வில்லைச் சரிபாருங்கள். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை, பிரேஸ் ஹைட் என்பார்களே அதை, செய்தவர் சொன்ன அளவுக்குள் வையுங்கள். நாணை முறுக்கினால் கூடும், அவிழ்த்தால் குறையும். அந்த அளவுக்குள்ளேயே வில்லின் சத்தமும் அதிர்வும் குறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, எண்ணை எழுதி வையுங்கள். பாதிச் சோதனையில் இது மாறினால் அதுவரை பார்த்தது வீண்.

அடுத்து நாக்கின் பிடி. அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் தொங்க வேண்டும். நாணை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் விழ வேண்டும். சுண்டியும் விழாவிட்டால் பிடி இறுக்கம், அந்த இறுக்கம் ஸ்பைன் கோளாறு மாதிரியே வேஷம் போடும். நாணின் நடுச்சுற்று நூலை மெலிதான நூலாக மாற்றுங்கள்.

இப்போது பத்து மீட்டரில் நின்று எய்யுங்கள். மூன்று இறகம்பு, இரண்டு மொட்டை, கலந்து. குறிப் புள்ளியில் பட்டதா என்று பார்க்க வேண்டாம். இறகம்புக் கூட்டம் எங்கே, மொட்டை அம்பு அதிலிருந்து எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள். ஒரு சுற்றை நம்பாதீர்கள். மூன்று நான்கு சுற்றில் ஒரே பக்கம் போனால்தான் அது அம்பின் பேச்சு; ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறினால் அது உங்கள் விரலின் பேச்சு. பத்து மீட்டரில் ஒத்துவந்ததும் பதினெட்டு இருபது மீட்டருக்குப் போங்கள். அங்கே சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும்.

முதலில் உயரத்தைச் சரி செய்யுங்கள், பிறகு இட வலத்தை. இந்த வரிசையை மாற்றினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

உயரம் சரியில்லைன்னா எப்படித் தெரியும்?

மொட்டை அம்பு இறகம்புக்குக் கீழே போனால் நாணில் நாக் வைக்கும் இடம் மேலே இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள். மேலே போனால் ஏற்றுங்கள். ஆனால் ஒரு பொறி உண்டு. நாக் இடம் மிகவும் தாழ்ந்திருந்தால் அம்பின் வால் ஷெல்ஃபில் அடித்துத் துள்ளி, மேலே இருப்பது போலவே காட்டும். நீங்கள் இன்னும் இறக்குவீர்கள், இன்னும் மோசமாகும். அதனால் எப்போதும் மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்கோணம் வரும் இடத்துக்கு 15 மி.மீ. மேலே ஆரம்பிக்கலாம், மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்கள் 18, 20 மி.மீ. மேலே.

பித்தளை வளையத்தை நெருக்கிப் போடுவதைவிட நூல் முடிச்சு நல்லது. நூல் ஆலைகளுக்கு நடுவே இருக்கிறோம். நல்ல பாலியஸ்டர் தையல் நூலுக்குப் பஞ்சமில்லை. நாணைச் சுற்றி முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஐந்தாறு அரை முடிச்சு. சோதனை முடியும்வரை ஒட்ட வேண்டாம். திருகினால் மரை மாதிரி மேலும் கீழும் நகரும். இடம் உறுதியானதும் ஒரு சொட்டு ஃபெவிக்விக்.

மொட்டை அம்பு இடப்பக்கமே போகுது. என்ன செய்ய?

விறைப்பு அதிகம். முனை எடையைக் கூட்டுங்கள்: 125 போய் 145, அப்புறம் 175. அதற்கும் அடங்காவிட்டால் பித்தளை இன்சர்ட். அதற்கும் அடங்காவிட்டால் ஷாஃப்ட் உங்களுக்கானதல்ல. சோதனைப் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுங்கள்.

வலப்பக்கம் போனால் மெலிவு. முனை எடையைக் குறையுங்கள். அது போதாவிட்டால்தான் வெட்டு, அதுவும் ஒரு தடவைக்குக் கால் இன்ச். பாதி தூரம் வந்துவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் எய்து பாருங்கள். கடைசிக் கால் இன்ச்சில் மாற்றம் சட்டென்று தெரியும். முழுக்க இழுக்கும்போது வில்லின் முன்முகத்துக்கு வெளியே ஒரு இன்ச்சாவது ஷாஃப்ட் நிற்க வேண்டும். அதற்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள். இழுத்த அம்பு ஷெல்ஃபை விட்டு உள்ளே விழுந்தால் அடுத்து நாணை விடும்போது அது கையில் ஏறும்.

சின்ன வித்தியாசத்துக்கு ஷெல்ஃபின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தோலைத் தொடலாம். தோலைத் தடிமனாக்கினால் அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும், மெலிதாக்கினால் மெலிவாக. தீக்குச்சித் தடிமனே வித்தியாசம் காட்டும்.

மொட்டை அம்பு இறகம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதில்லை. இருபது மீட்டரில் ஒரு சாண் அகலத்துக்குள், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தபடி நின்றால் நான் அதோடு விட்டுவிடச் சொல்வேன். களைத்த நேரத்தில் யாருக்கும் இழுப்பு அரை இன்ச் குறையும். குறைந்த இழுப்பில் அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால், கொஞ்சம் மெலிவாக விட்ட அம்பு அந்த நேரத்தில் காப்பாற்றும்.

மொட்டை அம்பு நல்ல இடத்துல படுது, ஆனா சாய்ஞ்சு குத்தி நிக்குது. எதை நம்பறது?

பட்ட இடத்தை நம்புங்கள். சாய்வு இலக்கைப் பொறுத்து மாறும். சோளத்தட்டைக் கட்டிய கட்டில் எய்தால் அம்பு தட்டையின் போக்கில் வழுக்கிச் சாயும். தென்னை மட்டைக் கட்டும் அப்படித்தான். பல தடவை குத்திய துளைக்குப் பக்கத்தில் குத்தினாலும் சாயும்.

திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல இலக்கு கைக்கெட்டும் தூரத்தில். பனியன் கட்டிங் வேஸ்ட்டை எடைக்கு வாங்கி, சாக்கில் போட்டு, காலால் மிதித்து மிதித்து இறுக்கமாக அடையுங்கள். பாதி அடைத்ததும் சாக்கைத் தரையில் நாலு தட்டு தட்டி, மறுபடி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மேல்பாதி காலியாகிவிடும். 45 பவுண்டு வில்லின் அம்பைக்கூட நிறுத்தும், இரண்டு விரலால் உருவினால் வந்துவிடும். துணியில் பொத்தான், ஜிப் கிடந்தால் பொறுக்கி எறியுங்கள். மணல் மூட்டையில் மட்டும் எய்ய வேண்டாம். கார்பன் இன்சர்ட்டுக்குப் பின்னால் நொறுங்கும்.

நேத்து சரியா இருந்தது, இன்னிக்கு மொத்தமும் மாறிப்போச்சு. ஏனுங்க?

எந்த மாசம் என்று முதலில் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வதற்கு நம் ஊர் சாட்சி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. இறகில்லாத அம்புக்கு அந்தக் காற்றில் திருத்திக்கொள்ள வழியே இல்லை. வடக்கு தெற்காக எய்தால் பக்கவாட்டில் தள்ளி, விறைப்பு மாதிரியோ மெலிவு மாதிரியோ காட்டிவிடும். விடிகாலையில் காற்று எழுவதற்குள் முடியுங்கள். அல்லது தறிக்கொட்டகை, கோழிக்கொட்டகைச் சுவர் மறைப்பில் பத்து மீட்டர் கிடைத்தால் போதும். தென்னந்தோப்புக்குள் காற்று சுழலும், அங்கே வேண்டாம்.

காற்று இல்லாத நாளிலும் மாறினால் நாணைப் பாருங்கள். நாண் மாற்றினீர்களா? டேக்ரான் நாண் கொஞ்சம் இழுபடும், அதனால் அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும். டைனீமா மாதிரி இழுபடாத நாண் வேகத்தைக் கூட்டும், அதே அம்பு மெலிவாகிவிடும். நாணில் சத்தம் அடக்கக் கம்பளிக் குஞ்சம் கட்டியிருந்தாலும் வேகம் குறைந்து விறைப்புப் பக்கம் நகரும். பழைய மர வில்லில் இழுபடாத நாணைப் போடுவதற்கு முன் வில் செய்தவரைக் கேளுங்கள். வில்லின் நுனி பிளந்துவிடக் கூடும்.

ஷாஃப்டை எங்க வெட்டறது? ஹேக்ஸா பிளேடு போதுங்களா?

போதாது. ஹேக்ஸா நாரைப் பிய்க்கும். குழாய் வெட்டும் கருவி நசுக்கும். வேகமாகச் சுற்றும் மெல்லிய கட்டிங் வீல்தான் வேண்டும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, ஷாஃப்டைக் கையால் உருட்டிக்கொண்டே வீலில் தொட்டால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். பட்டறைக்காரர் ஒரே அழுத்தில் வெட்டப் பார்ப்பார், உருட்டச் சொல்லுங்கள். வெட்டிய முகத்தை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து நேராக்குங்கள். முகம் கோணினால் இன்சர்ட் கோணும், முனை சுற்றும்போது ஆடும்.

கார்பன் தூசி சாதாரணத் தூசி இல்லை. நுரையீரலுக்குக் கெடுதல், தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முகக்கவசம், கண்ணாடி இரண்டும் கட்டாயம். பக்கத்தில் ஒருவர் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டால் தூசி பறக்காது. ஊதி விடாதீர்கள், துடையுங்கள்.

உள்பக்கத்தை ஸ்பிரிட் நனைத்த காதுக்குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். டியூனிங் முடியும்வரை ஹாட்மெல்ட் பசை, முடிந்த பிறகு அரால்டைட் மாதிரி எபாக்சி. ஹாட்மெல்ட்டை இளக்க வேண்டியிருந்தால் முனையைத்தான் சூடாக்க வேண்டும், ஷாஃப்டை நெருப்பில் காட்டக் கூடாது. சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ காருக்குள் அம்பை விட்டுப் போனால் அந்தப் பசை தானாகவே இளகிவிடும்.

இறகுக்குப் பதிலா பிளாஸ்டிக் வேன் போடலாமா? மயில் இறகு?

ஷெல்ஃபிலிருந்து எய்பவர்களுக்குப் பிளாஸ்டிக் ஆகாது. அது ஷெல்ஃபில் இடித்து அம்பைத் தள்ளும். இறகு மடங்கிக் கொடுத்துப் போகும். வான்கோழியின் இறக்கைப் பெரிய இறகுதான் வழக்கம். நம் பக்கம் தோட்டங்களில் வான்கோழி வளர்க்கிறார்கள். சொல்லி வைத்தால் உதிர்ந்ததை எடுத்துத் தருவார்கள். இடது இறக்கை இறகு இடது பக்கமாக வளையும், வலது வலமாக. ஒரு அம்பில் இரண்டையும் கலக்காதீர்கள். பிராய்லர் கோழி இறகு மெலிது, ஒட்டினாலும் நிற்காது.

மயில் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. தோட்டத்தில் மேய்கிறது என்பதற்காக அதன் இறக்கையில் கை வைக்க வேண்டாம்.

இறகு ஷெல்ஃபில் எங்கே உரசுகிறது என்று பார்க்க, ஷெல்ஃபில் டால்கம் பவுடர் பூசி ஒரு அம்பு எய்யுங்கள். கோடு விழுந்த இடம் சொல்லிவிடும்.

மொத்த அம்பு எவ்வளவு எடை இருக்கணும்?

மர வில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 9, 10 கிரெய்ன் என்பதை நான் விடாமல் சொல்வேன். 40 பவுண்டுக்கு 360 முதல் 400 கிரெய்ன், அதாவது 23 முதல் 26 கிராம். 29 இன்ச் ஷாஃப்ட் இன்ச்சுக்கு 8 கிரெய்ன் வீதம் 232, முனை 125, இன்சர்ட் 15, இறகு 10, நாக் 8. மொத்தம் 390. இது சரியான எடை. வேகம் வேண்டும் என்று எடையைக் குறைத்துக்கொண்டே போனால், அம்பு எடுத்துக்கொள்ளாத சக்தி வில்லின் கைகளிலேயே தங்கி அதிர்கிறது. வெறும் நாணை விடுவதற்குப் பக்கத்தில் போகும் வேலை அது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அம்பை விரல்மேல் வைத்துச் சமநிலை பாருங்கள். நாக் பள்ளத்திலிருந்து ஷாஃப்ட் முடிவுவரை 740 மி.மீ., சமநிலைப் புள்ளி 480-இல் என்றால், நடுவான 370-ஐத் தாண்டி 110 மி.மீ. முன்னால் இருக்கிறது, 110-ஐ 740-ஆல் வகுத்தால் 15 சதவீதம். விரலால் எய்பவருக்கு 12 முதல் 20 வரை எதுவும் நன்றாகவே பறக்கும்.

கார்பன் கையில உடையும்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம். அதனால்தான் ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன்னால் ஒவ்வொரு அம்பையும் சோதிக்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளையுங்கள், திருகுங்கள். 'கிறிச்' என்று சத்தம் வந்தால் அதோடு முடிந்தது; அப்போதே இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள். ஓரமாக வைத்தால் யாராவது எடுத்து எய்வார்கள். கொஞ்சம் பஞ்சை ஷாஃப்டின்மேல் ஓட்டுங்கள். நார் எழும்பியிருந்தால் மாட்டும். விரிசல் விட்ட கார்பன் நாணை விடும்போது சிதறி, வில் பிடித்த கையின் கட்டைவிரல் மேட்டில் ஊசி ஊசியாக ஏறும். கல்லிலோ மரத்திலோ பட்ட அம்பை உடனே பாருங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

போட்டிக்கு இந்த அம்பு செல்லுமா?

எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது. உலக வில்வித்தை அமைப்பின் லாங்போ பிரிவில் மர அம்பு மட்டும். சைட் இல்லாமல் எய்யும் பேர்போ பிரிவில் கார்பன் செல்லும். நம் நாட்டு இந்தியன் ரவுண்ட் மூங்கில் வில்லுக்கானது, அங்கே இந்த அம்புக்கு இடமில்லை. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது வில்வித்தைப் போட்டியும் நடத்துகிறார்கள். கலந்துகொள்ள நினைப்பவர்கள் வில், அம்பு விதியை முன்னாலேயே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்னி அழிக்குதுங்க. இந்த வில்லுல அடிக்கலாமா?

கூடாது. 1972 சட்டப்படி குற்றம். அதோடு, பயிற்சி முனையில் காயம்பட்ட பன்றி சாகாமல் ஓடி நாள் கணக்கில் வதைபடும். சத்தியமங்கலம், ஆனைமலை ஓரத்து விவசாயிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். அதற்கு வனத்துறையிடம் மனு, வேலி, இழப்பீடு என்ற வழிகள்தான். இந்த அம்பு இலக்குக்கு மட்டும்.

நானும் எம்பொண்ணும் ஒரே வில்லுல எய்யறோம். ஒரே அம்பு போதுங்களா?

போதாது. வில் ஒன்றானாலும் இழுப்பு வேறு. நீங்கள் 28 இன்ச் இழுத்து 30 பவுண்டு பிடித்தால், 24 இன்ச் இழுக்கும் பாப்பாவின் விரலில் 20 பவுண்டுதான் நிற்கும். உங்களுக்குச் சரியான 700 ஷாஃப்ட் அவளுக்கு விறைத்துப்போய் இடப்பக்கமே ஓடும். அவள் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள், அதுதான் எனக்கு வருத்தம். அவளுக்கு 1000 அல்லது அதற்கு மேல் உள்ள மெல்லிய ஷாஃப்ட் வாங்கி, வெட்டாமல் முழு நீளத்திலேயே விடுங்கள். நீளமே மெலிவைக் கொடுக்கும், வளர்ந்தாலும் உதவும். மொட்டை அம்புச் சோதனை அவளுக்கு இப்போது வேண்டாம். இழுப்பு ஒரே இடத்தில் வந்து நிற்கும்வரை அது எதையும் சரியாகச் சொல்லாது. நாக் இடத்தை மட்டும் அவளுக்கென்று தனியாகக் குறித்து, தனி நாணாகவே வைத்துவிடுங்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு தடவை இழுப்பை அளந்து பாருங்கள். ஒரு இன்ச் கூடியிருந்தால் முனையை 100-இலிருந்து 80-க்கு இறக்கிப் பாருங்கள். அதற்கும் வலப்பக்கம் போனால்தான் அடுத்த ஸ்பைன்.